எந்த நீலம்

வவுனியா ஆஸ்பத்திரி, ஆய்வுகூடம்.
மாதிரி இலக்கம் எண்ணூற்றுப் பதினேழு.
பவளராணி, நாற்பத்தொரு வயது, பாண்டியன்குளம்.
இடத்தொடை. அந்நியப் பொருள், சூழ்ந்த இழையத்துடன்.
போர்மலின் போத்தலுக்குள் புளியங்கொட்டை அளவில் இழையம்.
இரும்பு வேறொரு போத்தலில்.
குலுக்கினால் கிணுங்கியது. ஒருமுறைதான் குலுக்கினேன்.

மெழுகில் இறுக்கி
நாலு மைக்ரோன் தடிப்பில் சீவினேன்.
இளஞ்சூட்டு நீரில் மிதந்த சீவல்
சுருக்கு நீங்கி மெல்ல விரிந்தது.

படிக்கிற காலத்தில் மனனம் செய்தது:
நாடிக்கு மூன்று படை.
நாளத்துக்கும் மூன்றுதான், கொஞ்சம் தொய்வு.
வெளியே நார். நடுவே மழமழப்பான தசை
வளையம் வளையமாய்,
நீ தூங்கினாலும் இறுக்கும், தளர்த்தும்.
உள்ளே ஒரேயொரு வரி அகவணிக் கலங்கள்,
குருதி போகும் திசைக்கே நீட்டி நிமிர்ந்து
படுத்திருக்கும்.

கலம் என்றுதான் எங்கள் புத்தகத்தில்.
கொழும்பில் படித்தபோது, நூலகத்தில்,
சென்னையில் அச்சான ஒன்றில் முதன்முதலாய்க் கண்டேன்:
"நம் உடல் கோடிக்கணக்கான செல்களால் ஆனது."
செல் என்றால் எங்களுக்கு
மேலேயிருந்து வருவது.
பக்கத்தை மூடிவிட்டு
வெளியே போய்த் தேத்தண்ணி குடித்தேன்.

இப்போது நுணுக்குக்காட்டியில் குனிகிறேன்.
இரும்பு இருந்த இடம் வெறும் வெள்ளை.
சுற்றிவர நாரால் ஒரு மதில்.
மதிலுக்குள் பார்,
எத்தனை மயிர்த்துளைக் குழாய்கள்!
எல்லாம் அதற்குப் பிறகு முளைத்தவை.
தசையில்லை, நாரில்லை,
ஒரு கலம் வளைந்து தன் விளிம்பைத் தானே தொட்டால்
அதுதான் சுவர். கதவும் அதுதான்.
உள்ளே ஒரு செங்குழியம்
தன்னைவிட ஒடுங்கிய வழியில்
உடம்பை மடித்துக்கொண்டு நிற்கிறது.
பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று.
ஓமந்தையில் நாங்கள் நின்ற மாதிரி என்று
எழுத வந்து நிறுத்தினேன்.
இந்த வரிசையில் யாரும் பையைக் கொட்டிக் காட்டவில்லை.
ஒட்சிசனைக் கொடுத்துவிட்டுப்
போய்க்கொண்டே இருக்கலாம்.

"வாய்க்கால் மாதிரி, என்னக்கா,"
என்கிறான் பக்கத்து மேசைக் கஜமுகன்.
தகப்பன் முத்தையன்கட்டில் வயல் செய்பவர்.
இல்லையடா. தண்ணீர் கூடினால்
வாய்க்கால் உடைக்கும்.
இது வேகத்தைத் தொட்டுப் பார்த்து
தானே அகலும்.

ஆனால் யாருக்காக இத்தனை கிளை?
இரும்புக்குப் பசியில்லை.
மதிலில் காவல் நிற்கிற கலங்களுக்கு
மூன்று நேரமும் சோறு வேணுமே.
வருடக்கணக்காய் உடம்பு
காவலுக்குச் சமைத்துப் போட்டிருக்கிறது.
அதுதான் களைப்பு என்று அவர் கிளினிக்கில் சொல்லியிருப்பாரோ,
தெரியாது. கோப்பில் இல்லை.

மருத்துவர் இரும்புச் சாயமும் கேட்டிருந்தார்.
இரண்டு திரவம், சமபங்கு, இருபது நிமிடம்.
எங்கே இரும்பிருந்தாலும் நீலமாகும்.
ஆகியது.
வெள்ளை ஓட்டையின் விளிம்பில் நீலம்.
குழாய்களின் ஓரத்தில்,
விழுங்கிக் கலங்களின் வயிற்றில் நீலம்.
உடைந்த செங்குழியம் விட்டுப்போனதும் இரும்பு,
துருவாய்க் கரைந்ததும் இரும்பு.
முருங்கையிலையில் வந்தது,
பிள்ளைத்தாச்சியாய் இருந்தபோது விழுங்கிய குளிசையில் வந்தது,
வானத்தால் வந்தது.
சாயத்துக்கு எல்லாம் ஒன்று.
வில்லையை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.
எது அவருடையது என்று பிரிக்க
என்னால் முடியவில்லை.

"இரும்பு: உண்டு" என்று எழுதினேன்.
படிவத்தில் அவ்வளவுக்குத்தான் இடம்.

மத்தியானம் கண்ணாடி யன்னலில் ஒரு முகம்.
"தங்கச்சி, மல்லாவி பஸ் ரெண்டரைக்கு.
முடிவு எப்ப வரும்?"
துண்டை வாங்கிப் பார்த்தேன். எண்ணூற்றுப் பதினேழு.
"டொக்டர் சொல்லுவார் அக்கா, வியாழக்கிழமை."
காலையில் வேறொரு சோதனைக்குக் குருதி எடுத்த கை,
முழங்கை மடிப்பில் இன்னமும்
பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தார்.
"எடுங்கோ," என்றேன். "அது எப்பவோ மூடியிருக்கும்."
நம்பாமல் மெல்ல எடுத்தார்.
ஒரு புள்ளி.
அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்,
இரண்டு பேரும்.